நுரை வடிந்த பிறகு போங்கள்

தோல் தொழில் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கைபேசியை நம்பிச் செய்திச் சேனல் தொடங்கியிருக்கும் தம்பி தங்கச்சிகள் சிலர் யோசனை கேட்டார்கள். நாளிதழ் ஒன்றில் நெடுங்காலம் பகுதிநேர நிருபராக இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. பெரிய பத்திரிகைகள் எல்லாவற்றையும் மறைக்கின்றன என்று திட்டித் தொடங்காதீர்கள். 2015 ஜனவரி 31 விடியலில் ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் மேற்கு வங்கத் தொழிலாளர்கள். எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. சாவு விழுந்தால் வந்துவிடுவார்கள். தொட்டியில் கசடு ஏறிக்கொண்டிருந்த நாட்களில்தான் நிருபர் தேவைப்பட்டார்.

2. மழை வந்தால் பாலாற்றில் நுரை பொங்கும் படம் வரும். ‘அதிகாரிகள் தண்ணீர் மாதிரி எடுத்துச் சென்றனர்’ என்று செய்தி முடியும். முடிவு என்ன ஆயிற்று? மாவட்டப் பதிப்பில் அதற்கு இடமிருக்காது, அன்றைக்கு வேறு விபத்து நடந்திருக்கும். உங்களுக்குப் பக்கக் கணக்கு கிடையாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. கேள்வி குறுகலாக இருக்கட்டும்: எந்தத் தேதி, எந்த இடம், எந்த ஆய்வகம், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் எவ்வளவு. ‘பாலாற்று மாசு பற்றிய விவரம் தருக’ என்று கேட்டால் கிணற்றில் போட்ட கல்தான்.

3. டிடிஎஸ் மீட்டரை நுரையில் முக்கி, எண்ணைக் காட்டி, “விஷம்” என்று கத்தாதீர்கள். அது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். குரோமியம் இருக்கிறதா என்று ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஆனால் உப்பையும் விட்டுவிடாதீர்கள். பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் ஷாப்புக்கு வருகிறது, கழுவும்போது அது தண்ணீரோடு போகிறது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீரே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தரம். உங்கள் ஊர்க் கிணற்றை ஒவ்வொரு பருவத்திலும் அளந்து எழுதி வையுங்கள். அந்த நோட்டு எந்தத் தலைநகர அலுவலகத்திலும் இருக்காது.

4. தீர்ப்பைப் படியுங்கள், தீர்ப்பைப் பற்றிய செய்தியை அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. அதே பாலாற்றைப் பற்றி 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் மறுபடி தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. இடைப்பட்ட 28 ஆண்டில் எந்த ஊரில் யாருக்கு ஈடு வந்தது, யாருக்கு வரவில்லை என்று வாசல் வாசலாகக் கேளுங்கள். ஒரு சேனலுக்கு ஐந்து வருட வேலை அதிலேயே இருக்கிறது.

5. வீட்டில் ஷூ அப்பர் தைக்கும் பெண்களைப் படம் எடுக்கும்போது முகத்தை மறைத்தால் போதாது. அப்பரின் மாடல் தெரிந்தால் எந்த ஏஜெண்ட் கொடுத்தது என்று தெரியும். மறுநாள் அந்த அம்மாவுக்கு வேலை வராது. ஜோடிக்குப் பத்து ரூபாய்கூடக் கிடைக்காதவர்கள் அவர்கள் என்று ஆம்பூர்ப் பக்கம் ஆய்வு செய்து 2016இல் அறிக்கை வெளியிட்டவை இங்கிலாந்து அமைப்புகளும் பெங்களூரின் சிவிடெப் அமைப்பும். நம் தெருவில் இருப்பவர்களை நாம் முதலில் கேட்டிருக்கலாம்.

6. வண்டியில் ‘பிரஸ்’ ஸ்டிக்கர் வேண்டாம்.

7. ‘சுதந்திர ஊடகம்’ என்று பெயர் வைத்தால் சுதந்திரம் வந்துவிடாது. பெரிய நாளிதழுக்கு நூறு விளம்பரதாரர். ஒருவர் கோபித்தால் தாங்கும். உங்களுக்கு இருப்பது இரண்டோ மூன்றோ. இங்கே பள்ளி நடத்துபவரும் கல்லூரி நடத்துபவரும் பல இடங்களில் தோல் வியாபாரக் குடும்பம்தான். அட்மிஷன் விளம்பரம் வாங்கும் முன்னே இதை யோசியுங்கள்.

8. ஷாப் முதலாளியிடமும் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், பதிலுக்கு நாள் கொடுங்கள், வந்த பதிலை வெட்டாமல் போடுங்கள். அவதூறு வழக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. நாளிதழுக்கு வக்கீல் உண்டு. நீங்கள் வாய்தாவுக்கு பஸ் ஏறித்தான் போக வேண்டும்.