கடின நீரும் குடும்பச் செலவும்

நமது ஒன்றியத்தில், கடைவீதியும் மேல்நிலைப் பள்ளியும் அமைந்து சிறு நகரமாக வளர்ந்துவரும் ஓர் ஊராட்சி உண்டு. அங்கே நடைபெற்ற கிராம சபையில் சாலை, தெருவிளக்கு பற்றிய பேச்சு முடிந்த பின்னர் ஒரு தாயார் எழுந்தார். "ஐயா, வாசலுக்குக் குழாய் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகமாட்டேன் என்கிறதே!" என்றார். கூட்டம் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பருப்பு வேகாத வீட்டில் அடுப்பு கூடுதலாக எரிகிறது. சோப்புக் கூடுதலாகக் கரைகிறது. இச்செலவு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் காணப்படுவதில்லை.

வானிலிருந்து விழும் மழைநீர் மென்னீரேயாகும். அது மண்ணுள் இறங்குகையில் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு, சுக்கான் கல்லையும் சுண்ணாம்புப் பாறையையும் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இவ்வாறு கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் சேர்ந்த நீரே கடின நீர். பழங்காலக் கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறைகள் நிறைந்த அரியலூர்ப் பகுதியில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. சிமெண்டு ஆலைகளைத் தேடிவரச் செய்த பாறையே கிணற்று நீரிலும் கரைந்து வருகிறது.

சோப்பு நுரைக்கும் முன்னர், நீரிலுள்ள கால்சியம் அதனைப் பற்றிக்கொண்டு தயிர்த்திரி போன்ற அழுக்காக மாற்றிவிடுகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரை 15 லிட்டர் வாளியில் பிடித்தால், துணியைத் தொடுவதற்கு முன்பே ஏறத்தாழ 27 கிராம் சோப்பு வீணாகும். அவ்வழுக்கே வெள்ளை வேட்டியைப் பழுப்பாக்குகிறது. அதே வாளியில் முதலில் 13 கிராம் அளவு படிகச் சலவைச் சோடாவைக் கரைத்து வைத்தால், கால்சியம் பெரும்பாலும் வெண்பொடியாகப் படிந்துவிடும், சோப்பு மிச்சமாகும். பட்டுக்கும் கம்பளிக்கும் இம்முறை ஆகாது. இந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பருப்பின் செய்தி வேறு. அதன் அணுச்சுவர்களிலுள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளைக் கால்சியம் இறுக்கிவிடுவதால் பருப்பு குழைவதில்லை. கடினத்தன்மை பைகார்பனேட்டு உப்புகளால் உண்டானதாயின், நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிவை இறுத்துக்கொண்டால் பெரும்பகுதி நீங்கும். வெந்நீர்த் தவலையின் அடியில் ஏடாகப் படிவது இந்தச் சுண்ணாம்பே. சல்பேட்டு, குளோரைடு உப்புகளால் வந்த கடினத்தன்மையோ கொதிக்கவைப்பதால் நீங்காது. சமையற் சோடா ஒரு சிட்டிகை இட்டால் பருப்பு வேகும் என்பது உண்மையே. மிகுந்தால் பி வகை உயிர்ச்சத்து கெடும். சுத்தமாகப் பிடித்து மூடிவைத்த மழைநீர் இரண்டு குடம் இருந்தால் சமையலுக்கு அதுவே மேல்.

படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கடின நீரை மென்னீராக்கும் என்று பலர் நம்புகின்றனர். அவை கலங்கலைத் தெளிவிக்கும். கரைந்த உப்பை அகற்றா. கடின நீரைக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் உண்டாகும் என்னும் அச்சமும் பரவியிருக்கிறது. ஆய்வுகள் அதனை உறுதியாக நிறுவவில்லை. சுவை பிடிக்காமல் தண்ணீரையே குறைத்துக் குடிப்பதுதான் கல்லுக்கு இடந்தரும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு நீராதாரம் இல்லாதவிடத்து 600 வரை என்றும் எல்லை வகுத்துள்ளது. மேற்சொன்ன ஊராட்சியின் பழைய கிணறு இரண்டாவது எல்லையை ஒட்டியே நின்றது. ஆகவே புதிதாக ஓர் ஆழ்துளைக் கிணறு தோண்டப்பட்டது. அதன் நீரில் சோப்பு பஞ்சுபோல் நுரைத்தது. உறுப்பினர்கள் மகிழ்ந்து, பழைய கிணற்றை மூடிவிடத் தீர்மானம் எழுதினர். நாமும் அதனை ஏற்றுக் கையொப்பமிடும் தறுவாயில் இருந்தோம். ஆய்வக அறிக்கை வந்தபோது, அந்நீரில் ஃபுளோரைடு, அனுமதிக்கத்தக்க மேல் எல்லையாகிய 1.5 மில்லிகிராமைக் கடந்திருந்தது. குழந்தைகளின் பல்லைக் கறைப்படுத்தி, நாளடைவில் எலும்பையும் முடக்கும் பொருள் அது. கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்பதில்லை; கால்சியம் குறைந்த ஆழ்நீரிலோ அது பெருகக்கூடும். நல்ல நுரையைக் கண்டு நல்ல நீர் என்று நாம் முடிவு கட்டியது எத்தகைய தவறு! கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டதற்கு இந்த ஃபுளோரைடே முதற்காரணம்.

அடுத்து, எதிர் சவ்வூடு பரவல் நிலையம் ஒன்று அமைக்கவேண்டும் என்று சிலர் கேட்டனர். அது உப்பை நீக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரிக்கப்பட்ட உப்பு மறைந்துபோவதில்லை; கழிவுநீரில் செறிந்து நிற்கிறது. அதனை வாய்க்காலில் விட்டால் கீழ்மடை உழவரின் நிலம் பாழாகும். உப்பிட்டுப் புதுப்பிக்கும் மென்னீராக்கும் கருவிகளிலும் இத்தொல்லை உண்டு. அவை கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகின்றன. சோடியம் மிகுந்த நீர் பாய்ந்த நிலம் இறுகிப்போகும். உழவர் கவனிக்கவேண்டிய செய்தி இது: கடின நீர் சொட்டுநீர்க் குழாயின் துளைகளை அடைக்குமேயன்றி, மண்ணுக்கு அத்தகைய பகையன்று.

அவ்வூரில் இறுதியாகச் செய்தது எளிய காரியம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆற்று நீர் ஓரளவே கிடைத்தது. அதனை மேல்நிலைத் தொட்டியில் பழைய கிணற்று நீருடன் கலந்தனர். 600 அளவுள்ள ஒரு பங்கும் 100 அளவுள்ள ஒரு பங்கும் கலந்தால் 350 ஆகுமன்றோ? புதிய ஆழ்துளைக் கிணறு குடிநீர் வழங்கலிலிருந்து நீக்கப்பட்டது. மழைநீர் சேமிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே மாநிலமெங்கும் கட்டாயமாக்கப்பட்டதாயினும், அவ்வூரில் பல வீடுகளின் குழிகள் தூர்ந்து கிடந்தன. பள்ளியிலும் ஊராட்சிக் கட்டடத்திலும் உள்ள குழிகள் முதலில் தூர்வாரப்பட்டன.

தங்கள் ஊர் நீரை ஆய்வுக்கு அனுப்ப விரும்பும் உறுப்பினர்கள், குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, அந்நீரினாலேயே இருமுறை அலசிய தூய பிளாஸ்டிக் புட்டியில் 2 லிட்டர் நிரப்பி, நீராதாரத்தின் பெயரையும் நாளையும் எழுதித் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திற்கு அனுப்பலாம். கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் எடுத்தல் நலம். கடினத்தன்மையுடன் ஃபுளோரைடு, நைட்ரேட்டு ஆகியவற்றையும் பார்க்குமாறு கடிதத்தில் குறிப்பிடவேண்டும். கிருமி ஆய்வுக்கு நுண்ணுயிர் நீக்கிய தனிப்புட்டியை ஆய்வகத்திலேயே கேட்டுப் பெறவேண்டும். அறிக்கை வந்ததும் அதன் நகலைத் தகவல் பலகையில் ஒட்டி, அடுத்த கிராம சபையில் வாசிக்கவும்.