எபிரெய வேதம் ஏடேறிய வரலாறு

காஞ்சிபுரம் ஜில்லாவில் ஒரகடத்திற்கு அருகே வடக்குப்பட்டு என்றோர் சிற்றூர் உளது. தொழிற்சாலைகள் பல்கிவரும் அப்பிரதேசத்தில், 2022-ம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையார் நிலத்தை அகழ்ந்து ஆராய்ந்தனர். மேலே பல்லவர் காலத்துச் சின்னங்களும், கீழே சங்ககாலத்துப் பொருள்களும், யாவற்றிற்கும் அடியில் கற்கால மாந்தர் செதுக்கிய சிறு கருவிகளும் வெளிப்பட்டன. ஒரு காலத்தார் விட்டுச்சென்ற மண்ணின் மீதே மற்றொரு காலத்தார் குடிபுகுந்தனர். நூல்களுள்ளும் இவ்வாறு அடுக்கடுக்காய் வளர்ந்தவை உண்டு. கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என வழங்கும் எபிரெய வேதம் அத்தகையது.

இதனைக் கூறுங்கால் நம் மாணாக்கருள் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. மனிதர் பலர் பல காலத்தில் எழுதித் தொகுத்ததாயின் வேதத்தின் மாட்சிமை குன்றுமே என்பது அவர்தம் அச்சம். அதனை நாம் எள்ளி நகையாடோம். எனினும், ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்று அறிந்திருக்கிறோமே. அவ்வறிவால் பாடினோர் புகழ் சிறிதேனும் குறைந்ததுண்டோ? எபிரெயத் தொகுப்பாளரோ தம் பெயரையும் விட்டுச் சென்றாரல்லர். அவர் செய்த வேலையை அந்நூலே ஆங்காங்கு காட்டிக்கொடுக்கிறது.

எரேமியாவின் ஆகமம் 36-ம் அதிகாரத்தைப் பாருங்கள். தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, பாருக்கு என்னும் எழுத்தன் தோற்சுருளில் மையினால் எழுதினான். குளிர்காலத்து அரண்மனையில் கணப்பின் அருகே வீற்றிருந்த யோயாக்கீம் அரசன் முன்னிலையில் அச்சுருள் வாசிக்கப்பட்டது. மூன்று நான்கு பத்திகள் வாசித்த அளவில் அது சூரிக்கத்தியால் அறுக்கப்பட்டு நெருப்பில் எறியப்பட்டது. இவ்வாறே சுருள் முழுதும் எரிந்தது. இது நிகழ்ந்தது கி. மு. 604-ம் ஆண்டையொட்டி. பின்னர் எரேமியா மீண்டும் சொல்ல, பாருக்கு வேறொரு சுருளில் எழுதினான். முந்தினதில் இருந்தவற்றோடு அவைபோன்ற வேறு வார்த்தைகள் பலவும் அதிற் சேர்க்கப்பட்டன என்று அவ்வதிகாரம் முடிகிறது. எரித்தவன் நூலை அழிக்கவில்லை, பெருக்கினான்!

இச்சேர்க்கை அத்துடன் நின்றதோ? கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் இயற்றப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பில் எரேமியாவின் ஆகமம் எபிரெயப் பாடத்தினும் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறுகியது. மொழிபெயர்த்தவரே குறைத்துவிட்டனர் என்று பலர் எண்ணியிருந்தனர். சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த ஏடுகளிலோ, குறுகிய பாடமும் நீண்ட பாடமும் ஆகிய இரண்டும் எபிரெய மொழியிலேயே காணப்பட்டன. ஒரு நூல் இரு வடிவில் ஒரே காலத்தில் உலவியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சாலொமோனின் நீதிமொழிகளுள் ஒரு பகுதியை எசேக்கியா அரசனின் மனிதர் பெயர்த்தெழுதினர் என்று அந்நூலின் 25-ம் அதிகாரம் கூறுகிறது. யோசியா அரசன் காலத்தில், கி. மு. 622-ம் ஆண்டளவில், ஆலயத்தைப் பழுதுபார்க்கையில் நியாயப்பிரமாண புஸ்தகம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கி. மு. 586-ல் எருசலேம் இடிந்து, ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போயினர். அரசும் ஆலயமும் இழந்தார்க்கு எஞ்சியது சொல் ஒன்றே. ஐந்தாகமங்கள் இன்றுள்ள உருவை அடைந்தது பெரும்பாலும் அக்காலத்திலும் அதனை அடுத்த காலத்திலுமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

நோவாவின் பேழையில் ஏறிய மிருகங்களின் தொகையை நோக்குக. ஓரிடத்தில் எல்லா இனத்திலும் ஒவ்வொரு ஜோடு. சில வசனங்கள் கடந்து, சுத்தமானவற்றில் மட்டும் ஏழேழு. தொகுத்தவருக்கு இம்முரண் தெரியாமற் போயிருக்குமோ? இரண்டு மரபுகள் கைக்கெட்டின. இரண்டும் முன்னோர் தந்தவை. ஒன்றையும் தள்ள அவருக்கு மனம் வரவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். அவரினும் கெட்டிக்காரர் ஒருவர் அவ்விடத்திருந்து திருத்தியிருப்பாரேல், நமக்கு ஒரு மரபே கிடைத்திருக்கும்.

நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள், ஏனைய எழுத்துக்கள் என்னும் மூன்று வகுப்பும் கி. மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கியதற்குச் சான்றுண்டு. யூதர் 24 என்று எண்ணும் அவ்வாகமங்களையே புரொட்டஸ்டண்டு கிறிஸ்தவர் பகுத்து 39 என எண்ணுவர்.

இனி எழுத்தைப் பற்றிச் சிறிது. பழைய எபிரெயச் சுருள்களில் உயிர்க்குறிகள் இல்லை. மெய்யெழுத்துக்களின் வரிசையே உண்டு. தமிழருக்கு இது வியப்பன்று. நம் ஓலைச்சுவடிகளிலும் மெய்க்குப் புள்ளி இடுவது அரிது; எகர ஏகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. 'கெடு', 'கேடு' இரண்டிற்கும் ஓலையில் வடிவம் ஒன்றே. ஆசிரியர் வாய்ப்பாடம் கேட்டவனே தடையின்றி வாசிப்பான். எபிரெயருக்கும் அவ்வாறே வாய்மரபு துணைநின்றது. அது மங்கிவிடுமோ என்று அஞ்சிய மசோரா அறிஞர்கள் கி. பி. 7 முதல் 10-ம் நூற்றாண்டு வரை உழைத்து, மூல எழுத்தொன்றையும் அசைக்காமல், மேலும் கீழும் சிறு குறிகளை இட்டனர். எழுத்துக்களை எண்ணிக் கணக்கும் வைத்தனர்.

1947-ல் கும்ரானில் அகப்பட்ட ஏசாயாவின் சுருள் ஏறக்குறைய 24 அடி நீளமுள்ளது. அந்த மசோராப் பிரதிகளினும் ஆயிரம் ஆண்டு மூத்தது. எழுத்துக்கூட்டிலும் சில சொற்களிலும் வேறுபாடு நிறைய உண்டு. நூல் அதே நூல். ஆதியில் நெகிழ்ந்திருந்த பாடம், கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டுகளுக்குப் பின் இறுகி நிலைத்துவிட்டது.

இறுகிய பின் அதனைக் காத்தவர்கள் நம் அண்டைநாட்டிலும் இருந்தனர். 1806-ம் ஆண்டில் கிளாடியஸ் புக்கானன் என்னும் பாதிரியார் கொச்சி யூதரிடமிருந்து ஐந்தாகமச் சுருள் ஒன்றைப் பெற்றார். செந்நிறம் ஊட்டிய ஆட்டுத்தோல்கள் 37 சேர்த்துத் தைத்தது அது. சில பகுதிகள் அழிந்தும் 48 அடி எஞ்சியிருந்தது. அதனைக் கேம்பிரிட்ஜில் அச்சுப்பிரதியோடு எழுத்தெழுத்தாக ஒத்துநோக்கிய தாமஸ் யேட்ஸ், முடிவை 1812-ல் வெளியிட்டார். கண்ட பேதங்கள் சிலவே. அவையும் பெரும்பாலும் ஓர் எழுத்து மிகுதலும் குறைதலுமாம்.