பிள்ளை பள்ளிக்கூடம் போகும் பாதை



நம்ம தோட்டங்களில் "பாதை" என்றால் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படிக்கட்டு, இல்லாவிட்டால் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் ஒற்றையடி வழி. திருகோணமலைப் பக்கம் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றையோ களப்பையோ கடக்கிற மிதவைக்கும் அங்கே பாதை என்றுதான் பேர். பாலம் இல்லாத இடத்தில் அதுதான் வீதி.

அந்த ஊர் நமக்குத் தூரம் என்று நினைக்க வேண்டாம். கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் பஸ் பிடித்துப் போய்வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அட்டன் ஓயா, அக்ர ஓயா, கொத்மலை ஓயா என்று நம் மலைகளில் ஓடுகிற தண்ணீர் எல்லாம் மகாவலியில் சேர்ந்து, 335 கிலோமீற்றர் ஓடி, கடைசியில் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில்தான் கடலைத் தொடுகிறது. நாம் தட்டுகிற ரொட்டிக்கு மாவு அரைக்கிற பெரிய ஆலை இருப்பதும் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சீனக்குடாவில்தான்.

இந்த மாதப் பாடம், பிள்ளைகளை நடத்தியும் சைக்கிளிலும் பள்ளிக்கூடம் அனுப்புவது பற்றியது. அதைச் சொல்லுமுன் திருகோணமலை மாவட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அங்கே கிண்ணியா என்று ஓர் ஊர். மூன்று பக்கமும் தண்ணீர். திருகோணமலை நகரத்திலிருந்து கிண்ணியாவுக்குப் போக ஒரு காலத்தில் பாதையில்தான் ஏற வேண்டும். 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி அங்கே 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. சவூதி அரேபியா கொடுத்த கடனுதவியில் கட்டியது. அதோடு பெரிய தொல்லை தீர்ந்தது என்று ஊர் மூச்சு விட்டது.

ஆனால் கிண்ணியாவுக்குள்ளேயே குறிஞ்சாக்கேணி என்ற இடத்தில் இன்னொரு சிறிய பாலம் இருந்தது. பழையது, பழுதானது. புதுப்பாலம் கட்டுவதற்காக 2021இல் அதை மூடினார்கள். சுற்று வீதியால் போனால் தூரம் கூட. அதனால் சனங்கள் தற்காலிகமாக ஓடிய ஒரு பாதையில் ஏறிக் கடந்தார்கள். கொரோனாவால் நீண்ட நாள் மூடிக்கிடந்த பள்ளிக்கூடங்கள் அப்போதுதான் படிப்படியாகத் திறந்திருந்தன. பிள்ளைகளும் வெள்ளை உடுப்போடு அதே பாதையில் ஏறினார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பள்ளிக்கூட நேரத்தில், அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு உயிர் போனது. அதில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அடுத்த நாட்களில் எண்ணிக்கை இன்னும் கூடியது.

சில நாட்களுக்குள் கடற்படை அங்கே படகுச் சேவை தொடங்கியது. அப்படியானால் அதை முன்னமே செய்திருக்கலாமே என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. புதுப்பாலமோ விபத்துக்குப் பிறகும் பல காலம் முடியாமலே கிடந்தது.

இதைக் கேட்டவுடனே, "ஐயோ, வேண்டாம்பா, புள்ளைய வேன்லயே அனுப்பிருவோம்" என்று சில அம்மாமார் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயம். ஆனாலும் அங்கே நடந்ததைச் சரியாகப் பாருங்கள். நடந்து கடக்க இருந்த பாலம் போய்விட்டது. அதற்கு ஈடாக நல்ல வழி எதுவும் வைக்கப்படவில்லை. வெயிலையும் மழையையும் தாங்குகிற கால் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது. அந்தக் கால் வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை. பாடத்தின் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வேன், ஆட்டோ விஷயத்துக்கு வருவோம். மூன்று பேர் உட்காரும் ஆட்டோவில் எட்டுப் பிள்ளை, ஒன்பது பிள்ளை ஏற்றுவதை நாம் தினமும் பார்க்கிறோம். ஒரு பிள்ளை டிரைவர் பக்கத்தில் ஒரு காலைத் தொங்கப் போட்டபடி போகும். மாதம் முடிந்தால் அதற்குக் கூலியும் கொடுக்கிறோம். தூரத்துப் பள்ளிக்கு வேறு வழியில்லை, சரி. ஒரு கிலோமீற்றர், ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்துக்கும் இது வேண்டுமா? அந்தக் காசு பிள்ளையின் காலைச் சாப்பாட்டில் ஒரு முட்டையாகப் போனால் எவ்வளவு நல்லது.

முட்டை என்று சும்மா சொல்லவில்லை. 5 வயது முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளுக்கு 60 நிமிடமாவது உடம்பு அசைய ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போகும்போது அரை மணி, வரும்போது அரை மணி வேகமாக நடந்தால் அது கிடைத்துவிடும். பட்டணத்துப் பிள்ளைக்கு இது பெரிய செய்தி. நம்ம பிள்ளைக்குக் குறை ஓட்டத்தில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. 2016இல் நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முழு நாட்டுக் கணக்கு நூற்றுக்கு 17தான். ஆகவே வெறும் பிளேன்டீயோடு பிள்ளையை மேடேற அனுப்பக்கூடாது. ரொட்டியோ சோறோ கொஞ்சம் பருப்போ, எதையாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள். பசியோடு நடந்து போன பிள்ளைக்கு முதல் பாடமே தலையில் ஏறாது.

இப்போது பெரிய சிக்கல். பள்ளிக்கூடம் ஏழரைக்கு. நமக்குப் பிரட்டும் கிட்டத்தட்ட அதே நேரம். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போய்த் திரும்பினால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். "நீங்க நடக்கச் சொல்றீங்க, யாருங்க கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டால் பதில் வேண்டும்.

பதில் ஜப்பானில் இருக்கிறது. அங்கே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பல ஊர்களில் கூட்டமாகத்தான் நடந்து போகிறார்கள். ஒரு தெருப் பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடுவார்கள். மூத்த வகுப்புப் பிள்ளை முன்னே, சின்னவர்கள் நடுவிலே. புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற மஞ்சள் தொப்பி. ரோட்டைக் கடக்கிற இடத்தில் பெரியவர் ஒருவர் மஞ்சள் கொடியோடு நிற்பார். பணக்கார நாடு, கார் வாங்க முடியாமல் நடக்கவில்லை. பிள்ளை தானாக நடந்து பழக வேண்டும் என்று விரும்பித்தான் நடக்க விடுகிறார்கள்.

நம் லயத்துக்கு இது கஷ்டமே இல்லை. ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். வேலையிலிருந்து நின்ற தாத்தாவோ அப்பாயியோ நல்ல நடையோடு இருந்தால், அவர்களில் இரண்டு பேர் முறை வைத்துக் கூட்டிப்போகலாம். அப்படி யாரும் இல்லையென்றால் ஐந்து வீட்டுக்காரர் ஒன்று சேருங்கள். கிழமையில் ஒரு நாள் ஒரு வீடு. ஒரு நாள் பிந்துவதைக் கங்காணியிடமும் ஐயாவிடமும் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் கேட்காமலா போவார்கள்? தலைவர்மார் இதைப் பேசிக்கொடுக்கலாம். சம்பளப் பேச்சு மட்டும்தான் அவர்கள் வேலை என்று எங்கும் எழுதியில்லை.

கூடுகிற இடம் பிள்ளைமடுவம், கோயில் வாசல், தண்ணிப்பீலி, எதுவானாலும் ஒன்றாக இருக்கட்டும். நேரமும் ஒன்றாக இருக்கட்டும். எத்தனை பிள்ளை கிளம்பியது என்று எண்ண வேண்டும், பள்ளி வாசலிலும் எண்ண வேண்டும். திரும்பி வரும்போதும் அப்படியே. ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் பிள்ளைகள் நாலு பக்கமும் சிதறுவார்கள். காலையைவிட அந்த நேரம்தான் கவனம் தேவை. குளவிக்கூடு இருக்கிற மரத்தடி, வழுக்குப் பாறை, கட்டிப்போடாத நாய் இருக்கிற வீடு, இவற்றை மூத்த பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். கந்தளாய், சேருநுவரப் பக்கத்துப் பெற்றோர் பிள்ளைகளுக்கு யானை வழியைக் காட்டிக் கொடுப்பார்கள். நமக்குக் குளவி, அவர்களுக்கு யானை.

பெரிய ரோட்டுக்கு வந்தால் ஒரு விதி உண்டு, பெரியவர்களிலும் பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் வாகனம் இடது பக்கம் ஓடுகிறது. நடைபாதை இல்லாத ரோட்டில் நடக்கிறவர் வலது பக்க ஓரமாக நடக்க வேண்டும். அப்போது பக்கத்தில் வருகிற வாகனம் நமக்கு எதிரே, கண்ணுக்கு முன்னால் வரும். இடது ஓரத்தில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது. ஒற்றை வரிசையாக நடக்க வேண்டும். வளைவில் கடக்கக் கூடாது. பனிமூட்டத்திலும் மழையிலும் குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடிக்காமல் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறக் கோட்டைவிட மஞ்சள், சிவப்புக் கோட்டு டிரைவர் கண்ணுக்குச் சீக்கிரம் படும்.

அடுத்தது சைக்கிள். திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் எல்லாம் சமதரை. அங்கே ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பாராமல் சைக்கிளில் பள்ளி போகிறார்கள். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடு வரிசையில் நின்றபோது, பள்ளிக்கூடங்களையே மூட வேண்டி வந்தபோது, சைக்கிளின் அருமை கொழும்புக்காரருக்கும் தெரிந்தது. விலையும் ஏறியது, அது வேறு கதை.

இந்தியாவில் பீகார் மாநிலத்தில் 2006இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிளுக்குக் காசு கொடுத்தது. பின்னாளில் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். உயர்வகுப்புக்குப் போகிற பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பள்ளிக்கூடம் 3 கிலோமீற்றருக்கு மேல் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். "வயசுக்கு வந்த புள்ள, அவ்வளவு தூரம் எப்படிப் போகும்" என்று படிப்பை நிறுத்திய வீடுகள் அவை. நம்மிடையே இதே பேச்சு இல்லையா?

நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த புதுக்கோட்டைச் சீமையிலும் ஒரு கதை உண்டு. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். வயலில் வேலை செய்கிறவர், கல்லுடைக்கிறவர் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டப் பழகினார்கள். ஊர் முதலில் சிரித்தது, பிறகு வழிவிட்டது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். செங்குத்தான தோட்டத்து ரோட்டில் சின்னப் பிள்ளைக்குச் சைக்கிள் சரிப்படாது. இறக்கத்தில் பிரேக் ஒன்று போனால் போதும். மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் பிடிக்கவும் தாமதமாகும். கீழ்ப்பிரிவில் சமமான ரோடு இருந்து, பிள்ளைக்குப் பதினொன்று பன்னிரண்டு வயதாகி, இரண்டு பிரேக்கும் மணியும் சரியாக இருந்தால் கொடுக்கலாம். சீட்டில் உட்கார்ந்தால் கால் நுனி தரையில் பட வேண்டும். அப்பாவுடைய உயரச் சைக்கிள் வேண்டாம். இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால், சொல்லட்டும். முன் கம்பியில் தோழனை ஏற்றுவது மட்டும் கூடவே கூடாது.

கடைசியாகப் பாதையின் நிலைமை. ஓடைக்கு மேலே போட்ட இரண்டு பலகை, உக்கிப்போன கைப்பிடி, மண் சரிந்து பாதியாகிப்போன படிக்கட்டு. இவை நம் குறிஞ்சாக்கேணிகள். தோட்டத்து வழி தோட்டத்துக்குச் சொந்தம், பிரதேச சபை கைவைக்க முடியாது என்று முன்பு சொல்வார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்பின் தோட்டப்புற வழிகளுக்கும் சபை தன் நிதியைச் செலவழிக்க இடமுண்டு. ஆகவே "எங்க கையில ஒண்ணுமில்ல" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு சும்மா வர வேண்டியதில்லை.

ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தப் பிரிவு, எந்த ஓடை, தினமும் எத்தனை பிள்ளை அதில் நடக்கிறது, என்ன பழுது, எப்போதிருந்து பழுது. படம் எடுத்து இணைத்தால் நல்லது. போன் இல்லாத வீடு இப்போது குறைவு. கடிதம் தோட்ட நிர்வாகத்துக்கு ஒன்று, பிரதேச சபைக்கு ஒன்று, கிராம உத்தியோகத்தருக்கு ஒன்று. பள்ளி அதிபரிடமும் ஒரு பிரதி. கொடுத்த திகதியைப் போட்டு, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கி, நம் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். அந்த வழியில் நடக்கிறவர்கள் அவர்கள்தானே. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஓடை பெருகிய பிறகு பலகையைப் போய் யாரும் பார்க்க முடியாது.