மெயிலில் வந்த பில்லைத் திறந்துவிட்டீர்களா? முதலில் நெட் வயரைப் பிடுங்குங்கள்

புற்றடிக்கும் போடிக்கும் ஏலக்காய் ஏலத்துக்கு அனுப்பும் சக்குபள்ளம், அணக்கரை பக்கத்து வியாபாரிகளுக்கு இன்றைக்குக் கணக்கு, ஜிஎஸ்டி, வங்கி எல்லாமே கம்ப்யூட்டரில்தான். ‘பாக்கிப் பில்’, ‘ஏல விவரம்’ என்ற தலைப்பில் ஒரு மெயில் வந்தால் கை தானாகவே திறந்துவிடும். அதை எதிர்பார்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

திறந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதைப் போலவே, எதை முதலில் செய்கிறோம் என்பதும் முக்கியம். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாகிரை வைரஸ் வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கும் வந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினில் கேட்டது. அதற்கான தடுப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாத கம்ப்யூட்டர்கள் மாட்டின. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் போதும், யாரும் எதையும் திறக்காமலே பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் வழியாக அது தாவியது. அதனால்தான் முதல் வேலை இது:

1. இணைப்பைத் துண்டியுங்கள்

நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். செருகியிருக்கும் பென் டிரைவையும் பேக்கப் ஹார்டு டிஸ்க்கையும் கழற்றித் தனியே வையுங்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கட்டும். கண்ணெதிரே கோப்புகளின் பெயர்கள் மாறிக்கொண்டே போனால் மட்டும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

2. சாட்சியைக் காப்பாற்றுங்கள்

திரையில் தெரிவதையும் மெயில் அனுப்பியவரின் முழு முகவரியையும் செல்போனில் படம் எடுங்கள். திறந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். பயத்தில் அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். புகார் கொடுக்கும்போது தேவைப்படும். ‘இது என்னவென்று பாருங்கள்’ என்று ஆடிட்டருக்கோ நண்பருக்கோ அனுப்பவும் வேண்டாம்.

3. வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள்

பாதித்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புது பாஸ்வேர்டைத் தட்டினால் அதுவும் திருடனுக்கே போகலாம். செல்போனில், மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். முதலில் மெயில், பிறகு வங்கி, பிறகு ஜிஎஸ்டி. மெயில் ஏன் முதலில் என்றால், மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றும் லிங்க் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். மெயில் செட்டிங்ஸில் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். உங்கள் மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இப்போதே போட்டுவிடுங்கள்.

4. பணம் போயிருந்தால் 1930

வங்கிக் கணக்கில் சந்தேகப் பரிவர்த்தனை தெரிந்தால், ஸ்கேன் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். வங்கிக்கும் சொல்லிக் கணக்கை நிறுத்தி வையுங்கள். பணம் கைமாறி வெளியே போவதற்குள் முடக்கத்தான் இந்த எண். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் காவல் நிலையத்திலோ எழுத்துமூலப் புகாரும் கொடுங்கள்.

5. ஸ்கேன் செய்யுங்கள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே இது தேடுவதால், ஒளிந்திருக்கும் வைரஸ் தப்புவது கடினம். சுமார் 15 நிமிடம் ஆகும். பிறகு ‘ஃபுல் ஸ்கேன்’. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திராவும் இலவசக் கருவிகள் தருகிறது. ஓசியில் கிடைக்கிறது என்று தெரியாத தளத்திலிருந்து ஆன்டிவைரஸ் இறக்கினால் இரண்டாவது வைரஸ் வரும்.

6. பூட்டியிருந்தால் பணம் கொடுக்காதீர்கள்

கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்று உறுதியில்லை. யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை முதலானோர் 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் பல வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது. இன்று இல்லாவிட்டாலும் பின்னால் வரலாம். பூட்டிய கோப்புகளை ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

7. சந்தேகம் தீராவிட்டால் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்

கணக்கு வழக்கு இருக்கும் கம்ப்யூட்டர் என்றால் இதுவே பாதுகாப்பு. அப்டேட் எல்லாம் முடித்து, ஸ்கேன் சுத்தம் என்று காட்டிய பிறகுதான் பேக்கப் டிஸ்க்கைச் செருக வேண்டும். பாதித்த கம்ப்யூட்டரில் போட்ட பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் கம்பத்திலோ போடியிலோ உள்ள ஆடிட்டர் ஆபீசுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இனி மாட்டாமல் இருக்க

ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் கோப்புப் பெயரின் வால் பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று வந்தால் அது பில் அல்ல, ஓடக்கூடிய புரோகிராம். 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ வைரஸ் இப்படித்தான் டெக்ஸ்ட் கோப்பு வேஷம் போட்டு வந்தது. இந்தத் தந்திரம் இன்னும் பழசாகவில்லை. வேர்டு, எக்ஸெல் கோப்பு ‘எனேபிள் கன்டென்ட்’ அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள்.

வாரம் ஒருமுறை கணக்கை வெளி டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததும் கழற்றிவிடுங்கள்; செருகியே வைத்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். எதிர்பாராமல் ஒரு பில் வந்தால், அனுப்பியவருக்கு போன் போட்டுக் கேளுங்கள். அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு.