புழக்கடைச் சாரையும் முதற் சீலமும்



பௌர்ணமிதோறும் விகாரையில் கூடிப் பஞ்சசீலம் ஏற்கின்றோம். உயிர்க்கொலை விலக்குவோம் என்று முதற் சீலத்தை வாயார உரைக்கின்றோம். வீடு திரும்பியதும் விறகுக் குவியலின் அடியில் ஒரு சாரை நெளிகின்றது. அப்பொழுது தடி எடுக்கின்றோமா, தள்ளி நிற்கின்றோமா? சீலம் சோதிக்கப்படும் இடம் புழக்கடையே. ஆகவே இதனையே இம்மாதப் பாடமாகக் கொண்டோம்.

பகவன் புத்தர் சாவத்தி நகருக்குச் செல்லும் வழியில், சிறுவர் சிலர் ஒரு பாம்பைத் தடியால் அடித்துக்கொண்டிருக்கக் கண்டார் என்று உதானம் கூறுகின்றது. ஏன் அடிக்கின்றீர் என வினவியபோது, கடித்துவிடும் என்ற அச்சத்தால் என்று அவர்கள் விடையளித்ததாகத் தம்மபத உரை விளக்குகின்றது. தன் சுகத்தை நாடுபவன், அவ்வாறே சுகத்தை நாடும் பிற உயிரை வதைத்தால் பின்னர் அவனுக்குச் சுகமில்லை என்பதே பகவர் அங்கு உரைத்ததன் கருத்து. அச்சிறுவர் கூறிய விடையையே இன்று நாமும் கூறுகின்றோம்.

நம் முன்னோரிற் பலர் புற்றுக்குப் பால் வார்த்தனர். பால் பாம்பின் உணவன்று; எலி, தவளை, பல்லி முதலியவையே அதன் இரை. தம்மம் ஏற்ற நாம் அவ்வழிபாட்டை விட்டோம், நன்று. ஆயினும் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகள், பழைய பூசைகளை விலக்கச் சொல்வதோடு, எல்லா உயிர்களிடத்தும் கருணை கொண்டு அவற்றைக் காக்கவும் சொல்கின்றன. பூசையும் கொலையும் அச்சம் என்னும் ஒரு தாயின் இரு பிள்ளைகள். மூத்ததைத் துரத்திவிட்டு இளையதை மடியில் வைத்துக்கொள்வது தம்மமாகாது. அச்சத்தை நீக்குவது அறிவு ஒன்றே.

கோலார் தங்கவயலைச் சூழ்ந்த சிற்றூர்களில் நம் குடும்பங்கள் காணும் பாம்புகளுள் பெரும்பாலானவை மனிதரைக் கொல்ல வல்லவை அல்ல. சாரை இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். படம் எடுப்பதில்லை, நஞ்சும் இல்லை. சாரையும் நாகமும் பிணைவதாகக் கூறப்படுவது, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் செய்யும் மற்போரே. தண்ணீர்ப்பாம்பு சீண்டினால் கடிக்கும், நஞ்சில்லை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்பது வெறுங்கதை. பச்சைப்பாம்பின் நஞ்சு மிக மெல்லியது. அது கண்ணைத் தேடிக் கொத்துவதுமில்லை. மண்ணுளி நக்கினால் குட்டம் வரும் என்பர். குட்டநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது என்பதை 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார்.

உயிருக்கு ஊறு செய்பவை நம் பக்கத்தில் முக்கியமாக நான்கு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நச்சற்ற வெள்ளிக்கோல் வரையன் கட்டுவிரியனைப் போலவே தோன்றும். ஆதலின் ஐயம் எழுந்தால் நச்சுள்ளதாகவே கருதி விலகுக. வனத்துறைக்கோ, பயிற்சி பெற்ற பாம்பு மீட்பருக்கோ சொல்லுக.

“குழந்தைகள் விளையாடும் இடமாயிற்றே, கொல்லாமல் விடலாமா?” என்று ஒரு தந்தை கேட்கலாம். நியாயமான கேள்வியே. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை, ஆண்டுதோறும் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் சாரையைக் கொல்வதால் இவ்வெண் குறையாது. சாரை தின்னும் எலி பெருகும். எலியைத் தேடி நாகமும் விரியனும் வரும். குழந்தையைக் காக்கும் வழி வேறு. கேழ்வரகை எலி புகாத கலத்தில் வையுங்கள். விறகையும் குப்பையையும் சுவரோடு ஒட்டிக் குவிக்காதீர்கள். இரவில் விளக்கின்றி நடவாதீர்கள். தரையில் படுக்காமல் கட்டிலில், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டு உறங்குங்கள். உறங்குவோரைக் கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாது போகும்.

பாம்புக்கடியால் ஒரு பிக்கு இறந்தபோது, நான்கு நாகராஜ குலங்களின் மீதும் மைத்திரி பரப்புமாறு பகவர் போதித்தார். அதனை நாம் பரித்தமாக ஓதுகின்றோம். அதே பகவர், கடிபட்ட பிக்குவுக்கு அக்காலத்து மருந்தையும் அனுமதித்தார் என்று விநயம் கூறுகின்றது. ஆகவே பரித்தம் ஓதிக்கொண்டு வீட்டில் காத்திருப்பது பிழை. கடிபட்டவரை அசையாது கிடத்தி, மோதிரம், வளையல்களைக் கழற்றி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் கூடாது. மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் மாற்று மருந்து ஒன்றே. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

மைத்திரி என்பது பாம்பைத் தொட்டுத் தூக்குவதன்று. அதற்கு வழிவிட்டு, அது போகும்வரை பொறுத்து நிற்பது.

பயிற்சி: அடுத்த பௌர்ணமிக்குள் நும் புழக்கடையில் எலிக்கு இடமளிக்கும் பொருள்களை அகற்றுக. பிள்ளைகளுக்கு மேற்கூறிய பாம்புகளின் பெயர்களைக் கற்பிக்க. பாம்பைக் கண்ட வேளையில் நும் மனத்தில் எழுந்தது அச்சமா, வெறுப்பா, மைத்திரியா என ஆராய்ந்து வந்து சபையில் கூறுக.

எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க!