சிதைந்த கிரானைட் மண்: விவரிப்பதும் வகைப்படுத்துவதும்

ஹாங்காங்கின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிரானைட். ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டர் மழை; அதில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். இந்த வெப்பத்திலும் ஈரத்திலும் பாறை இடம் பெயராமலே மண்ணாகிவிடுகிறது. சில மலைச்சரிவுகளில் மண்ணான பகுதியின் ஆழம் 60 மீட்டரைத் தாண்டும். அப்படி மண்ணான கிரானைட்டை எப்படி விவரிப்பது, எந்த வகையில் சேர்ப்பது என்பதை அந்த ஊர்ப் பொறியாளர்கள் அளவுக்கு அனுபவப்பட்டு வகுத்தவர்கள் குறைவு. மற்ற ஊர்களில் இந்த மண் சல்லடைக்குப் போய், அட்டவணையில் ஓர் எண்ணாக மாறி, அங்கேயே மறக்கப்படுகிறது.

கிரானைட்டின் கனிமங்கள் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சங்கல், அசைந்து கொடுக்காது. ஃபெல்ஸ்பார் மெல்ல வெளுத்து, மாவாகி, கடைசியில் கயோலினைட், ஹாலாய்சைட் போன்ற களிமண் கனிமங்களாகும். பயோட்டைட் என்ற கருப்புக் காக்காப்பொன்னிலிருந்து வெளிவரும் இரும்பு துருவேறி மண்ணுக்குப் பழுப்பும் சிவப்பும் தரும். கரைந்த பொருளை நீர் எடுத்துச் செல்லும், கன அளவோ பெரிதாகக் குறையாது. அதனால் மண்ணுக்குள் வெற்றிடங்கள் கூடுகின்றன. பாறையின் பரல் அமைப்பும் வெடிப்புகளும் வெங்கச்சங்கல் நரம்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வெட்டுமுகத்தில் பார்த்தால் பாறை, விரலால் நசுக்கினால் மண். எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் இதுதான்.

மண்ணியலாரின் வகைப்பாடு பெரும்பாலும் மேல் ஒன்றிரண்டு மீட்டரோடு நின்றுவிடும். களிமண் கீழிறங்கிச் சேர்ந்த அடுக்கும், 35 சதவீதத்துக்குக் குறைவான கார நிறைவும் இருந்தால் அமெரிக்க முறையில் அது அல்டிசால் வரிசையில் சேரும். உழவுக்கும் காடு வளர்ப்பதற்கும் இது போதும். சரிவை வெட்டிச் சாலை போடுகிறவருக்கும் சுவர் எழுப்புகிறவருக்கும் அதற்குக் கீழே உள்ள 20 மீட்டர் முக்கியம். அங்கே சிதைவின் படிநிலைகள் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைத் திட்டத்தில் பணியாற்றிய மோய் 1955இல் கிரானைட்டுக்கு வகுத்த படிநிலைகளிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஆறு படி முறை. ஹாங்காங்கின் புவிப்பொறியியல் கட்டுப்பாட்டு அலுவலகம் 1988இல் வெளியிட்ட பாறை, மண் விவரிப்புக் கையேடு அதை நடைமுறைக்கு ஏற்றபடி தந்தது. முதல் படி சிதையாத பாறை, இரண்டாவது சற்றே சிதைந்தது, மூன்றாவது ஓரளவு சிதைந்தது. இந்த மூன்றுக்கும் சுத்தியல் வேண்டும், கையால் உடையாது. நான்காவது மிகவும் சிதைந்தது: கையால் சிறு துண்டுகளாக உடைக்கலாம், தண்ணீரில் போட்டால் உதிராது. ஐந்தாவது முற்றும் சிதைந்தது: தண்ணீரில் உதிரும், ஆனால் பாறையின் பரல் அமைப்பு கண்ணுக்குத் தெரியும். ஆறாவது எச்ச மண்: பழைய அமைப்பு அடியோடு அழிந்துவிட்டது.

நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலான எல்லையை முடிவு செய்வது ஒரு வாளித் தண்ணீர். முட்டை அளவுள்ள கட்டி ஒன்றை அதில் மெதுவாக இறக்கி வைக்க வேண்டும். ஐந்தாம் படி மண் என்றால் முதலில் ஓரங்களிலிருந்து காற்றுக் குமிழிகள் எழும். பிறகு மூலைகள் உதிரும். சிறிது நேரத்தில் கட்டி இருந்த இடத்தில் பரல் குவியல் ஒன்று கிடக்கும், மேலே தண்ணீர் பால்போல் கலங்கியிருக்கும். நான்காம் படி என்றால் குமிழி வரும், கட்டி அப்படியே நிற்கும். வெயிலில் காய்ந்த கட்டியையும் ஈரமாக எடுத்த கட்டியையும் கலந்து சோதிக்கக் கூடாது. காய்ந்தது வேகமாக உதிரும். கூடவே ஃபெல்ஸ்பார் பரலை ஒரு குண்டூசியால் குத்திப் பார்க்கலாம். நறநறவென்று தேய்கிறதா, மாவாக உதிர்கிறதா, களிமண்போல் ஊசியை உள்ளே விடுகிறதா என்பதைக் குறித்துக்கொண்டால், படிநிலை பற்றிய தகராறு பாதி தீர்ந்துவிடும். இவ்வளவு மலிவான சோதனையைச் செய்யாமல் படிநிலை எழுதும் துளைப்பதிவுகள் எத்தனையோ உண்டு.

நிறம், பரல் அளவு போன்ற வழக்கமான பதிவுகளுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. நிறத்தை ஈர நிலையில் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். வரிசை இது: வலிமை, நிறம், பரல் அமைப்பு, சிதைவுப் படி, பாறையின் பெயர், பிறகு வெடிப்புகள். மண்ணாக நடந்துகொள்ளும் படிகளுக்கு மண் விவரம் அடைப்புக்குறிக்குள் வரும். ‘மிக மிக வலுவற்ற, மஞ்சள் கலந்த இளம்பழுப்பு நிறமான, நடுத்தரப் பரலுள்ள, முற்றும் சிதைந்த கிரானைட் (பொடிச்சரளை சிறிது கலந்த வண்டல் மணல்)’ என்பது முறையான பதிவு. அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் வெட்டி எடுத்து ‘வண்டல் மணல்’ என்று அறிக்கையில் எழுதுவதுதான் எல்லாவற்றிலும் அதிக விலை வாங்கும் தவறு.

ஏன் என்பதற்கு 1972 சாட்சி. அந்த ஆண்டு ஜூன் 18ஆம் தேதி, நாள்கணக்கில் பெய்த மழைக்குப் பின், ஹாங்காங்கின் ஸாவ் மாவ் பிங் குடியிருப்பில் சுமார் 40 மீட்டர் உயரமுள்ள நிரப்பு மண் சரிவு குழம்பாகி இறங்கி 71 பேரைக் கொன்றது. அதே குடியிருப்பில் 1976 ஆகஸ்ட் 25 அன்று இன்னொரு நிரப்புச் சரிவு விழுந்து 18 பேர் இறந்தனர். நிரப்பியது வேறெதுவும் அல்ல, அதே சிதைந்த கிரானைட்தான். லாரியிலிருந்து கொட்டியதோடு சரி, அடுக்கடுக்காக இறுக்கவில்லை. சல்லடையில் போட்டால், மலையில் உறுதியாக நிற்கும் மண்ணுக்கும் கொட்டிய மண்ணுக்கும் ஒரே வளைகோடுதான் வரும். மேலிருந்து வழிந்து அடிவாரத்தில் படிந்த மண்ணும் பல நேரங்களில் அதே வளைகோட்டில் வந்து உட்காரும். மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். பிரித்துச் சொல்வது அமைப்பு மட்டுமே: இருந்த இடத்தில் சிதைந்ததில் ஃபெல்ஸ்பாரின் வெள்ளைக் கட்டங்கள் முழுசாக இருக்கும், வெங்கச்சங்கல் நரம்பு அறுபடாமல் ஓடும், வழிந்து படிந்ததில் நரம்பு துண்டாகி, கற்கள் தாறுமாறாகச் செருகிக் கிடக்கும், கொட்டியதில் செங்கல் துண்டோ வேரோ பிளாஸ்டிக்கோ எட்டிப் பார்க்கும். அந்த விபத்துகளுக்குப் பிறகே 1977இல் மேற்சொன்ன அலுவலகம் தொடங்கப்பட்டது. நிரப்புச் சரிவுகளின் மேல் 3 மீட்டரை எடுத்து மறுபடி இறுக்கும் வேலையும் நடந்தது.

மண்ணில் மிஞ்சிய பாறை வெடிப்புகள் அடுத்த பொறி. வெடிப்பின் வழியே நீர் ஓடி, அங்கே கயோலின் படலம் ஒன்று தேங்கியிருக்கும். 1995 ஆகஸ்ட் 13 அன்று ஹாங்காங்கின் ஃபெய் சூய் சாலையில் சுமார் 14,000 கன மீட்டர் சரிந்ததற்கு, சரிவுக்குள் பரவிக் கிடந்த கயோலின் மிகுந்த அடுக்கும் முக்கியக் காரணம். அங்கிருந்தது எரிமலைச் சாம்பல் பாறை, கிரானைட் அல்ல. வெள்ளைப் பட்டையைப் பதியாவிட்டால் என்ன ஆகும் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணமான வேலை ஒன்று உண்டு. வெட்டுச் சரிவு ஒன்றின் சோதனைக் குழியில், சரிவின் பக்கமே சாய்ந்த, சுண்டுவிரல் கனம்கூட இல்லாத சாம்பல்வெள்ளைப் பட்டை கிடைத்தது. களப்பதிவில் சாய்வுக் கோணத்தோடு எழுதப்பட்டது. அலுவலகத்தில் அறிக்கை தட்டச்சானபோது, ‘படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை’ என்று அந்த வரி நீக்கப்பட்டது. வடிவமைத்தவர் கைக்குப் போனது ‘வண்டல் மணல்’ என்ற இரண்டு சொற்களும் ஓர் உராய்வுக் கோணமும். மழைக்காலத்தில் சரிவு அந்தப் பட்டை மேலேயே வழுக்கி இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. பிறகு நடந்த கூட்டத்தில் குறை சொல்லப்பட்டது மழை மீது. களப்பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை. படிவத்தில் கட்டம் இல்லையென்றால் படிவத்தை மாற்ற வேண்டும், மண்ணை அல்ல.

ஆய்வகத்திலும் இந்த மண்ணை மற்ற மண்போல் நடத்த முடியாது. அரைகுறையாகச் சிதைந்த ஃபெல்ஸ்பார் பரலை உலக்கையால் இடித்தால் அது வண்டலாகிவிடும்; இயற்கையில் இல்லாத வண்டல் அறிக்கையில் தோன்றும். நீரேறிய ஹாலாய்சைட் உள்ள மண்ணை அடுப்பில் உலர்த்தினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், மறுபடி ஈரமாக்கினாலும் பழைய நிலைக்கு வராது. களிமண் அளவும் நீர்ம எல்லையும் குறைவாகக் காட்டும். ஆகவே இயற்கை ஈரத்திலேயே சோதிக்க வேண்டும், இடிக்காமல் நீரில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டும். அமைப்பு கலையாத மாதிரிக்கு 74 மில்லிமீட்டர் விட்டமுள்ள மேஸியர் குழாய் ஏற்றது. சோதனைக் குழியில் கையால் செதுக்கி எடுத்த கட்டி அதைவிட மேல். சாக்கு மாதிரியிலிருந்து வலிமையைக் கணக்கிடுகிறவர் தம் விருப்பத்தைத்தான் கணக்கிடுகிறார்.

கடைசியாக, ஒரு கட்டியின் படிநிலை முழுச் சரிவின் படிநிலை ஆகாது. வெடிப்புகளின் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிதைவு நடப்பதால், ஐந்தாம் படி மண்ணுக்கு நடுவே சிதையாத பாறை உருண்டைகள் மிஞ்சும். சில உருண்டை வீட்டளவு இருக்கும். துளைக்கருவி அதன்மேல் உட்கார்ந்ததும் ‘பாறை கிடைத்துவிட்டது’ என்று நிறுத்துவது ஒப்பந்தக்காரருக்கு வசதி. ஹாங்காங் கையேடு இதற்காகவே முதல் மூன்று படிகளின் பங்கை வைத்து முழுத் திரளையும் பிரிக்கிறது: பாறை 30 சதவீதத்துக்குக் கீழே, 30 முதல் 50, 50 முதல் 90, 90க்கு மேல். பாதிக்கு மேல் பாறை இருந்தால் உருண்டைகள் ஒன்றோடொன்று கோத்துத் தாங்கும்; 30க்குக் கீழே மண்தான் தாங்க வேண்டும். இந்தச் சதவீதத்தை ஒற்றைத் துளையிலிருந்து எழுத முடியாது. திறந்த வெட்டுமுகமோ, பல துளைகளோ வேண்டும்.

சரிவில் வேலை தொடங்குமுன் அறிக்கையை வாங்குகிறவர் இரண்டைக் கேட்டுப் பெற வேண்டும்: சோதனைக் குழிச் சுவரின் அளவுகோல் வைத்த நிழற்படம், களப்பதிவுப் புத்தகத்தின் நகல். இரண்டும் இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.