10 பெரிதா, '9' பெரிதா? டேட்டாபேஸ் என்ன சொல்லும்?

டேட்டாபேஸில் தேடுவது, வரிசைப்படுத்துவது, ஒரே மாதிரியானவற்றைத் தொகுப்பது என்று எந்த வேலையைக் கொடுத்தாலும், அடியில் நடப்பது ஒரே செயல்தான். இரண்டு மதிப்புகளை எடுத்து எது சிறியது, எது பெரியது, இரண்டும் சமமா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டும் எண்கள் என்றால் சிக்கல் இல்லை. ஒன்று எண்ணாகவும் மற்றொன்று எழுத்தாகவும் இருந்தால்? வந்திருப்பது என்ன வகை என்றே முன்கூட்டித் தெரியாவிட்டால்? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். இது புரோகிராமர்களுக்கு மட்டும் உரியது அல்ல. வீட்டுக் கணக்கையோ கடைக் கணக்கையோ கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் எவரும் தெரிந்து கொள்ள வேண்டியது. ஏனென்றால் இங்கே தவறு நடந்தால் எர்ரர் மெசேஜ் வராது. தவறான விடை மட்டும் அமைதியாக வந்து நிற்கும்.

எடுத்துக்காட்டாக எஸ்க்யூலைட் டேட்டாபேஸை எடுத்துக் கொள்கிறேன். டி. ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இலவச டேட்டாபேஸ் இது. ஆண்ட்ராய்டு போன், ஐபோன், பயர்பாக்ஸ், குரோம் ஆகியவற்றின் உள்ளே இருந்து வேலை செய்வது இதுதான். இதன் சோர்ஸ் கோடை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

முதலில் ஒரு சோதனை

எஸ்க்யூலைட்டின் கட்டளைத் திரையைத் திறந்து, கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக டைப் செய்து என்டர் தட்டுங்கள். விடை 1 என்றால் உண்மை, 0 என்றால் பொய்.

செலக்ட் 10 < 9, விடை 0
செலக்ட் 10 < '9', விடை 1
செலக்ட் 10 = '10'; விடை 0

முதல் விடை நாம் எதிர்பார்த்ததுதான். இரண்டாவதில் 9ஐ மேற்கோள் குறிக்குள் போட்டவுடன் அது எழுத்தாகிவிட்டது. எண்ணான 10 அதைவிடச் சிறியது என்கிறது எஸ்க்யூலைட். எழுத்து 9க்குப் பதிலாக 0 என்று கொடுத்தாலும் இதே விடைதான். இது பிழை அல்ல, விதி.

சீட்டு ஒட்டிய பார்சல்கள்

எஸ்க்யூலைட் சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழியில் இரண்டு மதிப்புகளை ஒப்பிட வேண்டுமானால் அவற்றின் டேட்டா டைப் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எஸ்க்யூலைட்டில் ஒரே ஃபீல்டில் ஒரு வரியில் எண்ணும் அடுத்த வரியில் எழுத்தும் இருக்கலாம். எனவே ஒவ்வொரு மதிப்பும் 'மெம்' என்ற அமைப்புக்குள் வைக்கப்படுகிறது. பார்சல் மேல் ஒட்டிய சீட்டைப் போல, உள்ளே இருப்பது என்ன வகை என்று அதில் குறித்திருக்கும். வகைகள் மொத்தம் ஐந்து: நல் (மதிப்பே இல்லை), இன்டிஜர் (முழு எண்), ரியல் (தசம எண்), டெக்ஸ்ட் (எழுத்து), பிளாப் (படம் போன்ற பைட் தொகுப்பு).

ஒப்பிடும் ஃபங்ஷன் முதலில் சீட்டைத்தான் பார்க்கிறது, பிறகுதான் பார்சலைப் பிரிக்கிறது. அதன் வரிசை இது:

1. நல் எல்லாவற்றையும் விடச் சிறியது.
2. அடுத்து எண்கள். இன்டிஜரும் ரியலும் தங்களுக்குள் மதிப்பின்படி ஒப்பிடப்படும்.
3. எந்த எழுத்தும் எந்த எண்ணையும் விடப் பெரியது.
4. பிளாப் கடைசி. பைட் பைட்டாக ஒப்பிடப்படும்.

இப்போது சோதனையின் இரண்டாவது விடை புரிந்திருக்கும். சீட்டிலேயே முடிவாகிவிட்டதால் 10, 9 என்ற மதிப்புகளை எஸ்க்யூலைட் பார்க்கவே இல்லை.

கடன் பட்டியலில் காணாமல் போனவர்

எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் பாக்கிக் கணக்கை ரெடிமேட் சாஃப்ட்வேர் ஒன்றில் வைத்திருந்தார். 500 ரூபாய்க்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலைக் கேட்டால், 90 ரூபாய் பாக்கிக்காரர் வந்தார், 1000 ரூபாய் பாக்கிக்காரர் வரவில்லை. ஃபைலை நான் திறந்து பார்த்தேன். பாக்கி என்ற ஃபீல்டை டெக்ஸ்ட் என்று அமைத்திருந்தார்கள்.

ஒரு ஃபீல்டுக்கு டெக்ஸ்ட் என்று வகை கொடுத்திருந்தால், அதனுடன் ஒப்பிட வரும் எண்ணையும் எஸ்க்யூலைட் எழுத்தாக மாற்றிவிடும். 500 என்பது '500' ஆனது. எழுத்து ஒப்பீடு இடப்பக்கத்தில் இருந்து ஒவ்வொரு குறியாக நடக்கும். 9 என்பது 5ஐ விடப் பெரியது, எனவே 90 உள்ளே. 1 என்பது 5ஐ விடச் சிறியது, எனவே 1000 வெளியே. கம்ப்யூட்டர் தன் விதிப்படி சரியாகத்தான் செய்தது. வசூலுக்குப் போயிருந்தால் மனஸ்தாபம்தான் மிச்சம்.

மாறாக, ஃபீல்டு இன்டிஜர் வகையாக இருந்தால், '500' என்று எழுத்தாகக் கொடுத்தாலும் அதை எண்ணாக மாற்றிக் கொண்டு சரியாக ஒப்பிடும். ஃபீல்டுக்கு வகையே கொடுக்காவிட்டால் எந்த மாற்றமும் செய்யாது. எண் 250ஐச் சேமித்துவிட்டு '250' என்று தேடினால் கிடைக்காது.

இன்னொரு பொறி 'ஸ்டிரிங்' என்ற சொல். வேறு மொழிகளில் எழுத்துக்கு இந்தப் பெயர் உண்டு என்பதால் பலரும் ஃபீல்டுக்கு இந்த வகையைக் கொடுப்பார்கள். எஸ்க்யூலைட் டெக்ஸ்ட், சார், கிளாப் ஆகிய சொற்களைப் பார்த்தால்தான் எழுத்து என்று கொள்ளும். ஸ்டிரிங் அதில் இல்லை. எனவே எண் வகையாகிவிடும். சென்னையின் எஸ்.டி.டி. கோடு '044' உள்ளே போனதும் 44 ஆகும். '044' என்று தேடினால் அதையும் 44 ஆக்கி ஒப்பிடுவதால் கிடைத்துவிடும். அதனால் சந்தேகமே வராது. அச்சிட்டுப் பார்க்கும்போதுதான் பூஜ்ஜியம் போனது தெரியும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

வகை தெரியாவிட்டால் எர்ரர் காட்டி நிறுத்தலாமே என்று கேட்கலாம். விடை இண்டெக்ஸில் இருக்கிறது. வேகமாகத் தேடுவதற்காக டேட்டாபேஸ் மதிப்புகளை ஒரு மரம் போல அடுக்கி வைக்கிறது. தேடும்போது ஒவ்வொரு கிளையிலும் ஒப்பிட்டு, சிறியது என்றால் இடப்பக்கம், பெரியது என்றால் வலப்பக்கம் போகிறது. ஒரே ஃபீல்டில் எல்லா வகையும் கலந்து இருக்கலாம் என்று அனுமதித்துவிட்ட பிறகு, எந்த இரண்டைக் கொடுத்தாலும் ஒரு விடை வேண்டும். இன்றைக்கு ஒரு விடை, நாளைக்கு ஒரு விடை கூடாது. அ என்பது ஆவுக்குச் சமம், ஆ என்பது இவுக்குச் சமம் என்றால் அ, இ இரண்டும் சமமாகவே இருக்க வேண்டும். இது தவறினால் ரெக்கார்டு ஒரு கிளையில் இருக்கும், தேடுவது வேறு கிளையில் நடக்கும். தகவல் இருக்கும், ஆனால் கிடைக்காது.

இதற்கு நல்ல சோதனை முழு எண்ணும் தசம எண்ணும் மோதும் இடம். 9007199254740992, 9007199254740993 என்ற இரண்டு முழு எண்கள் வெவ்வேறானவை. ஆனால் 8 பைட் தசம எண்ணாக மாற்றினால் இரண்டும் 9007199254740992.0 ஆகிவிடும். அதற்கு மேல் நுணுக்கமாக வைத்துக் கொள்ள அதில் இடம் இல்லை. மாற்றிவிட்டு ஒப்பிட்டால் இரண்டுமே அந்தத் தசம எண்ணுக்குச் சமம், ஆனால் ஒன்றுக்கொன்று சமம் இல்லை என்ற குழப்பம் வரும். எஸ்க்யூலைட் இதற்குத் தனி ஃபங்ஷன் வைத்திருக்கிறது. இரண்டையும் தசமமாக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், முழு எண் பகுதியையும் முழு எண்ணாகவே ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறது.

தமிழ்ச் சொற்களுக்கு என்ன ஆகும்?

எழுத்துகளை ஒப்பிட எஸ்க்யூலைட் வழக்கமாகப் பயன்படுத்துவது பைனரி முறை. யூனிகோட் எண் வரிசைதான் அதற்கு அகர வரிசை. யூனிகோடில் ன என்பது நவுக்கு அடுத்து, பவுக்கு முன்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் னவுக்குக் கடைசி இடம். எனவே அகராதியில் 'மயில்' முதலிலும் 'மன்னன்' பிறகும் வர, எஸ்க்யூலைட்டில் 'மன்னன்' முந்திக் கொள்ளும். தமிழ் வரிசை வேண்டுமானால் அதற்கான ஒப்பீட்டு ஃபங்ஷனை எழுதி இணைக்க எஸ்க்யூலைட் இடம் தருகிறது.

மற்ற டேட்டாபேஸ்கள்

போஸ்ட்கிரெஸில் முழு எண் ஃபீல்டையும் டெக்ஸ்ட் ஃபீல்டையும் ஒப்பிடச் சொன்னால், அப்படி ஓர் ஒப்பீடே இல்லை என்று எர்ரர் காட்டி நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல் எழுத்தை எண்ணாக மாற்றப் பார்க்கும். 'மாம்பழம்' = 0 என்று கேட்டால் எண்ணாக மாற்ற ஒன்றும் இல்லாததால் 0 ஆக்கிக் கொண்டு, உண்மை என்று சொல்லும். எச்சரிக்கை ஒன்று மட்டும் பதிவாகும். என்னைக் கேட்டால் நின்றுவிடுவதே மேல்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. உங்கள் ஃபைலைச் சோதியுங்கள். டேபிளின் பெயர் கடன், ஃபீல்டின் பெயர் பாக்கி என்றால்: செலக்ட் டைப்ஆஃப்(பாக்கி), கவுண்ட்(*) ஃப்ரம் கடன் குரூப் பை 1; என்று கொடுங்கள். எந்த வகையில் எத்தனை ரெக்கார்டு என்று காட்டும். தொகை ஃபீல்டில் டெக்ஸ்ட் என்று வந்தால் உஷாராகுங்கள்.

2. தற்காலிகமாகச் சரி செய்ய, 500 உடன் ஒப்பிடும் இடத்தில் காஸ்ட்(பாக்கி ஆஸ் இன்டிஜர்) என்று போடுங்கள். '1,000' என்று கமா போட்டு எழுதியிருந்தால் இது 1 என்று எடுத்துக் கொள்ளும். முதலில் கமாக்களை நீக்கிவிடுங்கள்.

3. கூட்டிக் கழிக்கும் தொகைகளுக்கு இன்டிஜர் அல்லது ரியல் கொடுங்கள். போன் நம்பர், பின்கோடு, கணக்கு எண் போன்றவற்றை யாரும் கூட்டப் போவதில்லை. அவற்றுக்கு டெக்ஸ்ட் கொடுங்கள்.

4. புதிதாக டேபிள் உருவாக்குபவர்கள் கட்டளையின் முடிவில் 'ஸ்டிரிக்ட்' என்ற சொல்லைச் சேர்க்கலாம். 2021இல் வந்த 3.37 பதிப்பு முதல் இந்த வசதி உள்ளது. இன்டிஜர் ஃபீல்டில் எண்ணாக மாற்ற முடியாத எழுத்தைக் கொடுத்தால் ஏற்க மறுத்துவிடும்.

மாற்றங்கள் செய்வதற்கு முன் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைத்துக் கொள்ள மறக்காதீர்கள். வகை மாறியபோது தொலைந்த பூஜ்ஜியத்தை அந்தக் காப்பியில் இருந்துதான் மீட்க முடியும்.